அவள் எங்களிடம் கற்ற சொல்

எங்கள் வீட்டில் இனபேதம் கிடையாது என்று அப்பா சொல்லாத நாள் குறைவு. பிஜித் தீவில், தவுவா டவுனிலிருந்து நாலு மைல் உள்ளே, ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்தது எங்கள் கரும்புத் தோட்டம். கோயில் கமிட்டிக்காரர், சர்க்கரை மில்லின் ஆள், பெண் பார்க்க வந்தவர்கள் என்று யார் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாலும் ஐந்து நிமிடத்தில் அந்த வசனம் வந்துவிடும். உடனே உள்ளே பார்த்து, பாப்பா தண்ணி கொண்டா என்று குரல் கொடுப்பார். செம்போடு என் தங்கை வருவாள். வந்தவர்கள் செம்பை வாங்க மறந்து அவளையே பார்ப்பார்கள்.

பார்க்கத்தான் செய்வார்கள். நாங்கள் மதராஸ் பக்கத்திலிருந்து கரும்பு வெட்டக் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட கூலிகளின் வாரிசுகள். அவள் அந்தத் தீவுகளின் பூர்வகுடிகளான பிஜியர்களின் பிள்ளை. எங்கள் பேச்சில் காயிவீத்தி. பாவாடை சட்டை, நெற்றியில் விபூதி, எவ்வளவு எண்ணெய் வைத்தும் படியாத சுருட்டை முடி. அப்பா சொன்னதும் கைகட்டி நின்று மாரியம்மன் பாட்டு ஒன்றைச் சொல் தப்பாமல் பாடுவாள். அண்ணனும் நானும் எங்களுக்குள் ஹிந்திதான் பேசுவோம். பிஜியில் எங்கள் வயதுத் தமிழர்கள் எல்லாரும் அப்படித்தான். அம்மாவின் இடுப்பிலேயே வளர்ந்ததால், வீட்டில் ஒழுங்காகத் தமிழ் பேசிய பிள்ளை அவள் ஒருத்திதான். நான் இன்று எழுதுகிற தமிழில் பாதி, அவளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கிற சாக்கில் நான் கற்றுக்கொண்டது.

வந்தவர்கள் போகும்போது அப்பாவின் கையைப் பிடித்து, உங்களுக்குப் பெரிய மனசு என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த ஒரு வார்த்தை அப்பாவுக்கு ஒரு வாரம் தாங்கும்.

அவள் வந்தபோது எனக்கு எட்டு வயது. அம்மா பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். பிள்ளை இறந்து பிறந்தது. பக்கத்துக் கட்டிலில், ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கோரோவிலிருந்து ஒரு பிஜியப் பெண். கோரோ என்றால் அவர்களுடைய கிராமம். எங்கள் தோட்டத்து நிலமே அந்தக் கோரோவின் குலத்துக்குச் சொந்தம், நாங்கள் லீசுக்குப் பயிர் செய்தவர்கள். அந்தப் பெண்ணுக்குப் பிள்ளை பிறந்த பிறகு ரத்தம் நிற்கவில்லை. பிள்ளை பிழைத்தது, தாய் போய்விட்டாள். தகப்பன் யார் என்று அவர்கள் வாய் திறக்கவில்லை. அம்மாவுக்குப் பால் கட்டி உடம்பு அனலாகக் கொதித்துக்கொண்டிருந்தது. நர்ஸ் அந்தப் பிள்ளையைத் தூக்கிவந்து அம்மாவின் மடியில் போட்டாள். யார் யாரைக் காப்பாற்றினார்கள் என்று கேட்டால் அம்மா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில் சொல்வாள்.

பத்து நாள் கழித்து, செத்துப்போனவளின் அண்ணன் ஒரு கட்டு நங்கோனா வேரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அதை இடித்து நீரில் கரைத்துக் குடித்துத்தான் பிஜியர்கள் எந்தப் பெரிய பேச்சையும் பேசுவார்கள். பிள்ளை உங்களிடம் வளரட்டும், எங்கள் பிள்ளையாகவும் இருக்கட்டும் என்று அவர் சொன்னதாக அப்பா சொன்னார். அதற்குப் பிறகு அவளை அழைத்துப்போக யாரும் ஆற்றைத் தாண்டி வரவில்லை.

தத்துப் பத்திரம் எழுதிக்கொள்ளச் சொல்லி அரசாங்கத்து அம்மா ஒருத்தி இரண்டு முறை வந்தாள். அப்பா நாள் கடத்தினார். பிறந்தபோதே அவள் பெயர் அந்தக் குலத்தின் நிலப் பதிவேட்டில் ஏறிவிட்டது. இந்தியக் குடும்பம் தத்தெடுத்தால் அந்தப் பெயரை அடித்துவிடுவார்கள் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். அது உண்மைதானா என்று அவரும் விசாரிக்கவில்லை, வேறு யாரும் விசாரிக்கவில்லை. பிள்ளைக்கு மண் போய்விடக் கூடாது என்பார். ஒரு சண்டையில் மட்டும் அம்மா கேட்டாள்: "பிள்ளைக்கா, உங்க லீசுக்கா?" அப்பா மாட்டைப் பார்க்க எழுந்து போனார்.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஜங்லி. ஹிந்தியில் காட்டுமிராண்டி என்று அர்த்தம். எங்கள் ஆட்கள் பிஜியர்களை அவர்கள் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொல்வார்கள். தேங்காய் திருடுபோனால் ஜங்லி, பஸ்ஸில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஜங்லி, சும்மா நடந்துபோனாலும் ஜங்லி. இத்தனைக்கும் தமிழர்களான எங்களை வடக்கத்தி ஆட்கள் கட்டாபானி என்பார்கள். புளித்தண்ணிக்காரர்கள் என்று பொருள். அந்தச் சொல்லைப் பள்ளிக்கூடத்தில் கேட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்து சோற்றை உதைத்தான். அடி வாங்கினவனுக்கு வலி தெரியும், அடுத்தவனை அடிக்கக் கூடாது என்று மட்டும் தெரியாது.

அம்மாவின் வாயில் அந்தச் சொல் வேறொரு வேலையும் செய்தது. காலையில் தங்கையின் தலையைக் கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு சீப்பை இழுப்பாள். முடி வழிவிடாது. "அசையாதடி என் ஜங்லி" என்பாள். பிறகு அதுவே கூப்பிடுகிற பெயராகிவிட்டது. அப்பாவுக்குப் பாப்பா, எனக்குத் தங்கச்சி, அம்மாவுக்கு ஜங்லி. அவளும் ஓடிவருவாள். கறுப்பி, குட்டச்சி என்று பிள்ளைகளைக் கொஞ்சுவதில்லையா, அப்படித்தான் என்று நாங்கள் நினைத்தோம். நினைத்தோம் என்பதுகூடப் பொய், நினைக்கவே இல்லை. அந்தச் சொல் அவளுடைய ஆட்களுக்கான சொல் என்பது எங்கள் புத்தியில் ஏறவே இல்லை. அவள் எங்கள் பிள்ளை, ஜங்லிகள் வேறு யாரோ.

அவளுக்கு ஐந்து வயதில் சந்தைக்குப் போனோம். பிஜியப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து டாலோ கிழங்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒருத்தியிடம் குனிந்து கிழங்கைத் திருப்பிப் பார்த்தாள். தங்கை அம்மாவின் முந்தானையை இழுத்து, வீட்டில் பேசுகிற அதே குரலில், எல்லாருக்கும் புரிகிற ஹிந்தியில், இந்த ஜங்லியிடம் வாங்காதே அம்மா, ஏமாற்றுவாள் என்றாள். கிழங்கு விற்றவள் என் தங்கையின் முகத்தைப் பார்த்தாள், முடியைப் பார்த்தாள், விபூதியைப் பார்த்தாள். பிறகு ஹிந்தியிலேயே, நீ யார் என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். தங்கை எங்களைப் பார்த்தாள்.

அம்மா அவசரமாக இரண்டு கட்டு வாங்கிக்கொண்டு நகர்ந்தாள். வேனில் ஏறியதும் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சிரித்தாள், அண்ணன் சிரித்தான், நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து அவளும் சிரித்தாள். விருந்தாளிகளுக்கு அப்பா சொல்லும் கதைகளில் அதுவும் சேர்ந்துகொண்டது. மாரியம்மன் பாட்டு முடிந்ததும் அது வரும்.

அடுத்த வருடம், எண்பத்தேழில், பள்ளிக்கூடத்துப் பரிசு விழாவுக்கு வந்த ஒரு பெரிய அதிகாரி அவளைத் தூக்கி மேடையில் நிறுத்தி, நாளைய பிஜி இப்படித்தான் இருக்கும் என்று பேசினார். எல்லாரும் கைதட்டினோம். சில வாரங்களில் துப்பாக்கியோடு ராணுவம் பாராளுமன்றத்துக்குள் நுழைந்து, இந்தியர்கள் அதிகமாக இருந்த மந்திரிசபையைக் கவிழ்த்தது. ஆட்சிக்கவிழ்ப்பை, ஆங்கிலச் சொல்லைச் சுருக்காமல் நீட்டாமல் அப்படியே 'கூ' என்போம் எங்கள் ஊரில். பிஜி பிஜியர்களுக்கே என்றார்கள். நாங்கள் எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை.

சாலையில் முக்குக்கு முக்கு ராணுவம் வேனை நிறுத்தியது. முதல் தடவை தற்செயலாகத்தான் அவள் முன்சீட்டில் என் மடியில் இருந்தாள். சிப்பாய் குனிந்து உள்ளே பார்த்தான். அவளிடம் பிஜிய மொழியில் ஏதோ கேட்டான். அவளுக்குப் புரியவில்லை, என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வெட்கப்படுகிறாள் என்று எண்ணி அவன் சிரித்துவிட்டுக் கையசைத்தான். பின்னால் வந்த எங்கள் சாதிசனத்தின் லாரியை ஒரு மணி நேரம் நிறுத்தி, மூட்டைகளை இறக்கவைத்தார்கள்.

அதற்குப் பிறகு தற்செயல் கிடையாது. டவுனுக்கு எந்தப் பயணமானாலும் அவள் முன்சீட்டில் இருந்தாக வேண்டும். ஒரு நாள் அவளுக்கு நல்ல காய்ச்சல். மண்ணெண்ணெய் தீர்ந்திருந்தது. அம்மா ஈரத்துணியை அவள் நெற்றியில் போட்டு வேனில் உட்கார்த்தி வைத்தாள். சோதனைச் சாவடி வந்ததும் துணியை எடுத்து மறைத்துவிட்டு, நிமிந்து உக்காரு ஜங்லி என்றாள். உட்கார்ந்தாள். ஆறு வயதுப் பிள்ளை. அந்த வருடக் கடைசியில் அண்ணன் நியூசிலாந்தில் ஆக்லாந்துக்குப் போய்விட்டான். அங்கிருந்து அவன் எழுதிய கடிதங்களில் அம்மா, அப்பா, என் நலம் கேட்பான். அவள் நலம் பெரும்பாலும் இடம் பற்றாமல் விட்டுப்போயிருக்கும்.

இரண்டாயிரத்தில் மறுபடியும் கூ. அவளுக்குப் பத்தொன்பது வயது, நான் பக்கத்துப் பள்ளியில் ஆசிரியை. லீஸ் முடிய ஒரு வருடம்தான் இருந்தது. தலைநகரில் பிரதம மந்திரியையே பிடித்துவைத்திருந்தார்கள். உள்ளூரில் அவரவர் தைரியத்துக்கு ஏற்ப அவரவர் பிடித்தார்கள். ஒரு மத்தியானம் ஐந்து இளைஞர்கள் ஆற்றைத் தாண்டி வந்து மரவள்ளியைப் பிடுங்கினார்கள். பிறகு ஒருவன் உழவுமாடுகள் இரண்டையும் அவிழ்த்தான். அப்பா வாசலில் நின்றார். கையில் கரும்பு வெட்டும் கத்தி இருந்தது, ஆனால் அவர் அதை ஓங்கவில்லை.

தங்கை அவரைத் தாண்டி வெளியே போனாள். அவர்களில் மூத்தவன் அவளிடம் பிஜிய மொழியில் பேசினான். அதட்டவில்லை. உனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நீ ஒதுங்கிக்கொள் என்று சொல்லியிருப்பான் என இப்போது நினைக்கிறேன். அவளுக்கு நாலைந்து பிஜியச் சொற்களுக்கு மேல் தெரியாது. பயத்தில் வாயில் வந்தது ஹிந்தி.

"ஜங்லி லோக், ஹமார் கர் ஸே ஜாவ்."

காட்டுமிராண்டிகளே, எங்கள் வீட்டை விட்டுப் போங்கள்.

மாட்டை அவிழ்த்தவன் கயிற்றைக் கீழே விட்டுவிட்டான். மூத்தவன் அவள் கிட்டே வந்தான். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் அவளைத் தொடவில்லை. தன் முன்கையை நீட்டி அவள் முன்கைக்குப் பக்கத்தில், ஓரங்குலம் தள்ளிப் பிடித்தான். இரண்டு கைகளும் ஒரே நிறம். எது ஜங்லி என்று ஹிந்தியில் கேட்டான். பிறகு அவள் தலைக்கு மேலாக அப்பாவைப் பார்த்தான். அவள் யாருடைய வீட்டுச் சோறு தின்றாளோ அந்த வீட்டை ஒரு முறை முழுக்கப் பார்த்தான். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அவர்கள் இரண்டு மாடுகளையும் ஓட்டிக்கொண்டு போனார்கள்.

அவன் யார் என்று மறுநாள் தெரிந்தது. அவள் பிறந்தபோது நங்கோனாவோடு வந்தாரே, செத்துப்போனவளின் அண்ணன், அவருடைய மகன். என் தங்கைக்குச் சொந்த மாமன் மகன்.

கோரோவிலிருந்து சேதி சொல்லி அனுப்பினார்கள். மாட்டைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் அந்தச் சொல்லுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும், நங்கோனாவோடு வந்து முறைப்படி கேட்க வேண்டும் என்று. அப்பா கொதித்தார். மாட்டை ஓட்டிக்கொண்டு போனவன் வீட்டுக்குப் போய் நான் மண்டி போடுவதா என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இன்றைக்கும் முழுக்க அநியாயமாகப் படவில்லை. மாடு எங்களுடையது. ஆனால் சொல்லும் எங்களுடையதுதான், அதைத்தான் நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அம்மா சமையற்கட்டை விட்டு வெளியே வரவில்லை.

தங்கைதான் சொன்னாள். "மாட்டுக்காக இல்லப்பா. நான் சொன்ன சொல்லுக்கு."

கடையில் அரைக் கிலோ நங்கோனா வேர் வாங்கி, பழைய பேப்பரில் சுற்றி, ரிப்பன் கட்டி எடுத்துக்கொண்டாள். ஆறுவரை நான் கூடப் போனேன். முழங்கால் அளவுதான் தண்ணீர். நானும் இறங்கியிருந்தால், என் அக்காவும் வந்திருக்கிறாள் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு ஒரு ஆள் இருந்திருக்கும். ஆனால் நான் இறங்கவில்லை. அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தனியாகக் கடந்து போனாள். இருட்டுவதற்கு முன் திரும்பி வந்தாள். அங்கே என்ன நடந்தது என்று கேட்டேன். மன்னிச்சிட்டாங்க என்று மட்டும் சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனாள். மூன்றாம் நாள் ஒரு மாடு திரும்பி வந்தது. இன்னொன்றை அதற்குள் தின்றிருந்தார்கள்.

லீசைப் புதுப்பிக்கவில்லை. அவளை வைத்துப் பேசிப் பார்க்கலாம் என்று அப்பா கடைசி வரை நம்பினார். பேசிப் பார்த்தார், நடக்கவில்லை. அண்ணன் பெற்றோருக்கு ஸ்பான்சர் செய்தான். எனக்கு ஆசிரியை என்ற முறையில் தனி விசா. விசா வேலையைப் பார்த்த வக்கீல் லவுட்டோகா நகரில் இருந்தார். தங்கையைப் பற்றிக் கேட்டோம். பத்திரம் இருக்கிறதா என்றார். இல்லை. இனிமேல் எழுத முடியுமா என்றோம். வயது தாண்டிவிட்டது என்றார். பிள்ளைகளின் பட்டியலில் அவள் பெயரை எழுதினால் காகிதம் கேட்பார்கள், காகிதம் இல்லையென்றால் பெற்றோரின் மனுவே நின்றுபோகும், எழுதாமல் விடுவதுதான் புத்திசாலித்தனம் என்றார். படிப்புக்கென்று அழைத்துக்கொள்ளலாமே என்று நான் அண்ணனுக்குப் போன் செய்தேன். இங்கே அக்கம்பக்கத்தில் அவளை யார் என்று சொல்வது என்று கேட்டான். எங்கள் வீட்டில் இனபேதம் கிடையாது அல்லவா.

மனுவை நான்தான் நிரப்பினேன். சாப்பாட்டு மேசையில், பகல் வெளிச்சத்தில், நிதானமாக. பிறந்த பிள்ளைகள், தத்துப் பிள்ளைகள் அனைவரின் பெயரையும் எழுதுக என்று இருந்தது. அண்ணன் பெயரை எழுதினேன், என் பெயரை எழுதினேன். தங்கை எதிரில் உட்கார்ந்து பயற்றங்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"என் பேரு எந்தப் பக்கத்துல வரும் அக்கா?"

"இதுல வராது. உனக்குத் தனியா ஒண்ணு போடணும்" என்றேன்.

தனியாக ஒன்றும் இல்லை. இருக்காது என்று எனக்குத் தெரியும். அவள் தலையாட்டினாள். அந்த வாரமே தவுவாவில் பழைய துணிக் கடையில் ஒரு கம்பளிக் கோட்டு வாங்கிவந்தாள். ஆக்லாந்தில் குளிருமாமே என்றாள். கோட்டைப் போட்டுக்காட்டினாள். கை கொஞ்சம் குட்டையாக இருந்தது. நான் நன்றாக இருக்கிறது என்றேன். அதைவிடக் கேவலமான காரியம் ஒன்றை என் வாழ்க்கையில் நான் செய்ததில்லை. அவளிடம் உண்மையைச் சொல்ல மூன்று மாதம் இருந்தது, ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன்.

கடைசியில் அப்பா சொன்னார், அதையும் தன் பாணியில் சொன்னார். "உனக்கு இங்க சொந்த மண்ணு இருக்கு பாப்பா. எங்களுக்குத்தான் இல்ல. நீ இருந்து பாத்துக்கோ, நாளைக்கி காலம் மாறினா நாங்க திரும்பி வர ஒரு எடம் வேணும்." சிறு வயதில் சாலைக்கு அனுமதிச் சீட்டாக இருந்தவள் இப்போது நிலத்துக்குக் காவலாளி. அவள் அழவில்லை. என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். கோட்டை மடித்து அம்மாவிடம் கொடுத்தாள்.

நாங்கள் போவதற்கு முன் வீட்டின் தகரத்தையும் மரத்தையும் பிரித்து விற்றோம். லீஸ் முடிந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள், மண்தான் பிஜியர்களுடையது, வீடு எங்களுடையது. கடைசி நாளில் சிமெண்ட் தரை மட்டும் இருந்தது. மாமன் மகன் வந்து அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தான். அவள் பின்னால் போனாள். அம்மா அந்தக் கோட்டோடு விமானம் ஏறினாள், நாடி விமான நிலையத்தில் அத்தனை வெயிலிலும் கழற்றவில்லை.

ஆக்லாந்தில் நான் வேலை செய்த பள்ளியில் வருடத்துக்கு ஒரு நாள் இன நல்லிணக்க விழா நடத்துவார்கள். உங்கள் அனுபவத்தைப் பேசுங்கள் என்று கேட்டார்கள். தங்கையின் படத்தைத் திரையில் காட்டி, எங்கள் வீட்டில் வளர்ந்த பிஜியக் குழந்தை என்று பேசினேன். மாரியம்மன் பாட்டைச் சொன்னேன். சோதனைச் சாவடியையும் கம்பளிக் கோட்டையும் சொல்லவில்லை. எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். ஒருத்தி வந்து என் கையைப் பிடித்து, எவ்வளவு பெரிய மனசு உங்கள் குடும்பத்துக்கு என்றாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அப்பாவைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை.

ஒரே ஒரு தடவை கோரோவுக்குப் போய் அவளைப் பார்த்தேன். இளைத்திருந்தாள். பிஜிய மொழி நன்றாக வந்துவிட்டது, ஆனால் ஹிந்தி வாடை அடிக்கிறது என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். அங்கே அவளுக்குப் பெயர் காயிந்தியா, இந்தியக்காரி. பாயில் எல்லாரோடும் உட்கார்ந்து நங்கோனா குடித்தேன். அப்போது மாமன் மகன்தான் சொன்னான், அவள் மன்னிப்புக் கேட்க வந்த அன்று நடந்ததை. இந்தச் சொல்லை உனக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று பெரியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். வீட்டில் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளை அன்றைக்கே அனுதாபத்தோடு சேர்த்துக்கொண்டிருப்பார்கள். பஸ் ஸ்டாண்டில் கற்றேன், என் வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள் என்றாளாம். நாங்கள் நம்பவில்லை என்றான் அவன். நான் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா முதலில் போனார். அம்மாவுக்குச் சர்க்கரை முற்றி ஒரு காலை எடுத்தார்கள். பிறகு நினைவு கலங்கியது. ஆங்கிலம் போயிற்று, ஹிந்தி போயிற்று, தமிழ் மட்டும் மிஞ்சியது. ஆஸ்பத்திரியில் கட்டிலைச் சுற்றிப் பார்த்து, என் ஜங்லி எங்க, என் ஜங்லிக்குத் தலை வாரணும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அண்ணன் வெளியே போய் நின்றுகொண்டான். சாகிற தாயைப் பார்க்க மகள் வர வேண்டும் என்று தங்கைக்கு விசா கேட்டு நான் மனுப்போட்டேன். டாக்டரின் கடிதம், படங்கள் எல்லாம் வைத்தேன். மறுத்துவிட்டார்கள். காரணம் இரண்டே வரி. இந்த அம்மாளின் குடியேற்ற மனுவில் குறிப்பிட்டுள்ள பிள்ளைகள் இரண்டு பேர், மனுதாரர் அதில் இல்லை. கூடவே பழைய பக்கத்தின் நகலும் இருந்தது. என் கையெழுத்து. நல்ல தெளிவான கையெழுத்து என்று பள்ளியில் எல்லாரும் பாராட்டுவார்கள்.

வேறு வழியில்லாமல், அம்மாவின் கட்டிலருகே நின்று கோரோவுக்குப் போன் போட்டேன். அன்று அவர்கள் ஒரு சாவுக்காகக் கூடியிருந்தார்கள். அங்கே பேச்சுக் குரல்கள் கேட்டன. சிக்னல் சரியில்லாததால் அவள் போனைச் சத்தமாக வைத்துக் கையில் உயர்த்திப் பிடித்திருந்தாள். கொஞ்சம் வெளியே போய்ப் பேசு என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா என் கையிலிருந்த போனைப் பார்த்துப் பேசிவிட்டாள்.

"ஜங்லி? என் ஜங்லியா?"

அந்தப் பக்கம் பேச்சுக் குரல்கள் நின்றன. அத்தனை பேருக்கும் ஹிந்தி தெரியும். அத்தனை பேர் நடுவில்தான் அவள் பத்தொன்பது வயதில் மண்டியிட்டு அந்தச் சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டிருந்தாள். போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைத்திருந்தால் நான் குற்றம் சொல்லியிருக்க மாட்டேன்.

"ஆமாம்மா. உன் ஜங்லிதான் பேசறேன்" என்றாள். "தலை வாரிட்டேம்மா. நல்லா எண்ணெய் வெச்சு வாரிட்டேன். நீ தூங்கு."

அம்மா தூங்கினாள். மறுநாள் காலை போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, அன்றைக்கு உன்னை அங்கே யாரும் ஒன்றும் கேட்கவில்லையா என்று தங்கையிடம் கேட்டேன். கேட்டார்கள் என்றாள். ஹிந்தியில் வேறு, தமிழில் அந்தச் சொல்லுக்கு மகள் என்று அர்த்தம் என்று சொல்லிவிட்டாளாம். அவர்களுக்கு ஹிந்தி தெரியும், தமிழ் தெரியாது.

நம்பினார்களா என்று கேட்டேன். அம்மாவின் கோட்டு என்ன ஆயிற்று என்று அவள் கேட்டாள்.